பிரச்சினைகள்: இல்லை

நான் கெட்ட மேலதிகாரியாக இருந்தேன். கத்தினேன் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை; கத்துகிறவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. எனக்குக் கீழே வேலை செய்தவர்கள் என்னிடம் உண்மை சொல்வதையே விட்டுவிட்டார்கள். அதை நான் ஒழுங்கு என்று எடுத்துக்கொண்டேன்.

2006இல் கிழக்கிலங்கையின் மாவிலாற்றில் தொடங்கிய சண்டையில் வெருகல், ஈச்சிலம்பற்றுச் சனம் வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் ஓடியது. 2007இல் மீள்குடியேறியவர்களுக்கு வீடு கட்டிக்கொடுத்த தொண்டு நிறுவனம் ஒன்றின் கள அலுவலகத்துக்கு நான் பொறுப்பாளர். என் ஊர் திருகோணமலை டவுன். ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வரும்; என் தகுதி அவ்வளவுதான்.

கள உத்தியோகத்தர்கள் எல்லாரும் வெருகல் பக்கத்துப் பிள்ளைகள். திங்கள் கூட்டத்தில் ஒருவர் வாய் திறந்தால் மீதியை நானே சொல்லி முடிப்பேன். டீசல் பற்றுச்சீட்டுக்குக்கூட என் கையொப்பம் வேண்டும். இரவு சாப்பாட்டு நேரத்தில் கோல் எடுத்து, காலையில் கேட்டிருக்கக்கூடியதைக் கேட்பேன். யோசனை அவர்களுடையதாக இருக்கும். கொழும்புக்குப் போகும் அறிக்கையில் ‘நான்’ என்று இருக்கும். வாராந்தப் படிவத்தில் ‘பிரச்சினைகள்’ என்று ஒரு கட்டம் உண்டு. எல்லாரும் ‘இல்லை’ என்று நிரப்பித் தந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

வெருகல் ஆறு மகாவலியின் கிளை. ஊரில் வெயில் எறிக்கும்போதே, மேலே கொட்டிய மழை இங்கே வெள்ளமாக வந்து நிற்கும். அங்கே பிறந்தவர்களுக்கு இது தெரியும். மாரி தொடங்கும் நேரம், ஆற்றுப் பக்கக் கொட்டில் ஒன்றில் சீமெந்தை இறக்கச் சொன்னேன். “சேர், அந்தப் பக்கம்…” என்று ஒரு கள உத்தியோகத்தர் தொடங்கினார். “தம்பி, சொன்னதைச் செய்யும்” என்றேன். எல்லார் முன்னாலும்தான். அவர் போய் லொறியை அனுப்பிவைத்தார்.

தண்ணீர் வற்றிய பிறகு போய்ப் பார்த்தேன். அடி வரிசை மூட்டைகள் கல்லாகியிருந்தன. வீடு கிடைக்கவிருந்த ஆச்சி என்னிடம் கோபப்படவில்லை. “உங்கட பொடியனுக்கு இது தெரியுமே மகன், அவன் சொல்லல்லையா?” என்று மட்டும் கேட்டார்.

சீமெந்து போனதைவிட அடுத்து நான் செய்ததுதான் கேவலம். ‘இழப்புக்குப் பொறுப்பு யார்’ என்று விளக்கம் கேட்டு அந்தப் பிள்ளைக்கே கடிதம் கொடுத்தேன். தன் கவனயீனம் என்று இரண்டு வரியில் பதில் எழுதித் தந்தார். குடும்பம் இருந்தது, வேலை வேண்டும். அதைக் கோப்பில் போட்டேன். கொழும்பில் யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் ஏமி எட்மண்ட்சனின் ஆய்வைப் பற்றிக் கேட்டேன். 1990களில், ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்தபோது, மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளைப் பார்த்தவர். நல்ல தலைமை உள்ள வார்டில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான பிழை அங்கேதான் கூட. அங்கே தாதியர் பயமில்லாமல் சொன்னார்கள். மற்ற வார்டுகளில் மறைத்தார்கள். வகுப்பில் மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். எனக்கு அந்த ‘இல்லை’களின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

பிறகு போன வேலையில் ஒன்றிரண்டை மாற்றினேன். கூட்டத்தில் கடைசியாகப் பேசினேன். “எல்லாம் சரிதானே?” என்று கேட்பதை விட்டு, “இதில் எது பிழைக்கும்?” என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு ‘ஓம் சேர்’ என்று பதில் சொல்ல ஏலாது. ஆரம்பத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ட்ரைவர்தான் முதலில் பேசினார், அதுவும் என் பயண ஒழுங்கு மோசம் என்று. நெருக்கடி வந்தால் பழைய குரல் இப்போதும் எனக்கு வரும். திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

அந்தப் பிள்ளை திட்டம் முடியுமுன்பே விலகி, கட்டாருக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அந்த வருடமே பதவி உயர்வு வந்தது. கடிதத்தை மீளப்பெறச் சொல்லி நான் யாருக்கும் எழுதவில்லை. அவரிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. இங்கே எழுதிவிட்டதால் கேட்டதாக ஆகிவிடாது.