வேர் அறிந்த நஞ்சு

பூவுக்கும் தளிருக்கும் நம் கவிஞர்கள் கொடுத்த இடத்தை வேருக்குக் கொடுத்ததில்லை. இருட்டில் வேலை செய்கிறவர்களுக்கு நேர்வது இதுதான். அந்த வேலையில் அண்டைவீட்டாருக்கு நஞ்சு வைப்பதும் அடக்கம் என்று தெரிந்தபோது எனக்கு வேரின்மேல் மதிப்புக் கூடியது.

ஒரு செடி தன் வேதிப்பொருளால் மற்றொன்றைப் பாதிப்பதற்கு 1937இல் அல்லெலோபதி என்று பெயரிட்டவர் ஹான்ஸ் மோலிஷ். கல்கத்தாவில் ஜகதீஸ் சந்திர போஸின் ஆய்வுக்கூடத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தவர். இதற்கு நம் சோளத்தைவிட நல்ல சான்று கிடையாது. அதன் வேர்த்தூவிகளின் நுனியில் மஞ்சள்நிற எண்ணெய்த் துளிகள் கசிகின்றன. சோர்கோலியோன் என்பது அதன் பெயர். அருகில் முளைக்கும் சிறுவிதைக் களைகளின் ஒளிச்சேர்க்கையை அது முடக்குகிறது. கடையில் வாங்கித் தெளிக்கும் அட்ரசின் கைவைக்கும் அதே இடத்தில்.

ஆனால் இந்தச் சாமர்த்தியக்காரச் சோளமே சுடுமல்லியிடம் ஏமாந்துபோகிறது. மணிச்சத்துக் குறைந்த மண்ணில் பயிரின் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்னும் பொருளைக் கசியவிட்டு, சத்தைத் தேடிக் கொண்டுவரும் வேர்ப்பூசணத்தை அழைக்கிறது. (இது தெரியவந்தது 2005இல்தான்.) தூசியைப் போன்ற சுடுமல்லி விதை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்காக அந்த அழைப்புக்காகவே காத்துக் கிடக்கிறது. கேட்டதும் முளைத்து, வேரைத் துளைத்து உறிஞ்சுகிறது. அது மண்ணுக்கு மேலே தலைகாட்டும் முன்பே பயிர் வாடத் தொடங்கிவிடும். நண்பனுக்கு எழுதிய கடிதத்தைத் திருடன் படித்துவிடுகிறான்.

சுடுமல்லியைத் தாங்கும் சோள வகைகளை உருவாக்கியதற்காக எத்தியோப்பியாவில் பிறந்த கெபிசா எஜெட்டாவுக்கு 2009இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அத்தகைய சில சோளங்களின் மரபணுவை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவு எனக்கு மிகவும் பிடித்தமானது. அவை அழைப்பை நிறுத்திவிடவில்லை. கசியவிடும் மூலக்கூற்றின் வடிவத்தைச் சற்றே மாற்றிக்கொண்டன. பூசணத்துக்குப் புரிகிறது, சுடுமல்லிக்குப் புரிவதில்லை.

இதையெல்லாம் படித்த உற்சாகத்தோடுதான் ஜவ்வாதுமலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு சாமைக் கொல்லை ஓரமாக நின்றேன். களையைத் தானே கொல்லும் வேரை எல்லாப் பயிருக்கும் கொடுத்துவிட்டால் இந்தப் பெண்கள் நாள்முழுக்கக் குனிந்து நிற்க வேண்டாமே என்ற நினைப்பு. களையெடுத்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம் சுற்றிவளைத்துச் சொல்லிப் பார்த்தேன். அவர் வேலையை நிறுத்தவில்லை.

"அப்ப கீரை?" என்றார்.

பிடுங்கியவற்றை அவர் இரண்டாகப் பிரித்து வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஒன்று வரப்பில் எறிய. மற்றொன்று மடியில்: பண்ணைக்கீரையும் பெயர் தெரியாத இன்னும் இரண்டு கீரைகளும். அன்றைய குழம்பு அது. சோர்கோலியோனுக்கு இந்தப் பாகுபாடு தெரியாது, அட்ரசினுக்கும் தெரியாது. இயற்கையானது என்பதாலேயே ஒரு நஞ்சு சாதுவாகிவிடும் என்று பேசுகிறவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. ஆனால் இந்தக் கோணம் எனக்கும் தோன்றியிருக்கவில்லை.

"முதுகு வலிக்கத்தான் செய்யுது தம்பி," என்றார், நான் கேட்காமலே. "அதுக்கு ஏதாச்சும் இருந்தா சொல்லு."