கிணற்றடியில் ஓர் இன்சுலின் செடி

கோபிசெட்டிபாளையம் பக்கம் மஞ்சள் விவசாயம் செய்யும் பெரியவர் அவர். வயது 62. எட்டு வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். மகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த இன்சுலின் செடியைக் கிணற்றடியில் நட்டார். ஈரம் கண்ட இடத்தில் அது புதராக மண்டிவிட்டது.

தண்டைச் சுற்றிச் சுழன்று ஏறும் இலைகள், சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் பூ. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த இதன் தாவரவியல் பெயர் காஸ்டஸ் பிக்டஸ். இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் தூரத்துச் சொந்தம். அழகுச் செடியாக வளர்க்கப்பட்டது, பிறகு நம் ஊரில் மருந்துச் செடியாகிவிட்டது.

முதலில் தினம் ஓர் இலை மென்றார். புளிப்பு பிடித்துப்போக, நான்கைந்து ஆனது. ஒருநாள் காலை மாத்திரையைப் போட்டு, இலையையும் மென்று, சாப்பிடாமலே தண்ணீர் பாய்ச்சப் போனார். வரப்பில் கை நடுங்கியது, கண் இருட்டியது.

"ஏனுங்க, இப்படி வேர்த்து ஊத்துது?" என்று ஓடிவந்த மனைவி, நினைவு இருந்ததால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் தெளிந்தது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மாத்திரை, வெறும் வயிறு, இலை; இதில் எது எவ்வளவு சர்க்கரையைக் குறைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். பெயரில்தான் இன்சுலின், இலையில் அது இல்லை. இன்சுலின் ஒரு புரதம். வாய்வழியாகச் சாப்பிட்டால் செரித்துப்போகும், அதனால்தான் ஊசியாகப் போடுகிறார்கள். இந்த இலைச்சாறு எலிகளுக்குச் சர்க்கரையைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. ஆனால், மனிதருக்கு இத்தனை இலை என்று உறுதியான அளவு கிடையாது. அதிகம் மென்றால் வயிற்றையும் கெடுக்கலாம். இலையை நம்பி மாத்திரையை நிறுத்துவது அதைவிட ஆபத்து.

வயலுக்கு மருந்தடிக்கும்போது டேங்குக்கு இத்தனை மில்லி என்று மூடியில் அளந்து ஊற்றுகிறவர் அவர். தன் உடம்புக்கு மட்டும் கைக்கு வந்தபடி பறித்ததைச் சொல்லி இப்போதும் வருத்தப்படுகிறார்.

செடியை வெட்டவில்லை. பூவுக்காக விட்டிருக்கிறார். யாராவது இலை கேட்டு வந்தால், "சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடறீங்களா? டாக்டர்கிட்டக் கேட்டுட்டு வாங்க, செடி எங்கயும் போயிடாதுங்க" என்கிறார்.