சட்டிபானை டிபார்ட்மென்ட்

சென்ட்ரலில் இறங்கி, ரிப்பன் மாளிகையைத் தாண்டிப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நடந்தால், பெரியமேட்டுத் தோல் கடைகளின் வாடை முதலில் வரும். அதையும் கடந்தால் கவின்கலைக் கல்லூரியின் சிவப்புச் செங்கல் கட்டடம். எங்கள் காலத்தில் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தினுடையது. படிப்பு முழுக்க அந்த வளாகத்து மண்ணிலும் தூசியிலும்தான். ஓவியம் படித்தவர்கள் தோளில் ஜோல்னாப் பையோடு திரிவார்கள். சிற்பம் படித்தவர்களின் உளிச்சத்தம் காலையிலேயே தொடங்கிவிடும். நாங்கள் செராமிக். யாராவது கேட்டுச் சொன்னால், “ஓ, சட்டிபானை டிபார்ட்மென்ட்டா?” என்பார்கள்.

கேலியில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் கல்லூரி என்றால் ஊருக்கு நினைவு வருவது தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் கே.சி.எஸ். பணிக்கரும். மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்த சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். 1966இல் சோழமண்டலக் கலைஞர் கிராமம் உருவானதற்கும் வேர் அங்கேதான். குவளை செய்து பேர் வாங்கியவர் யார் இருக்கிறார்கள்?

எங்கள் கொட்டகையில் நுழைந்ததும் ஈரமண் வாசனை. ஒரு மூலையில் மூலப்பொருள்களை அரைக்கும் பால் மில் கடகடவென்று உருண்டுகொண்டிருக்கும். பலகைகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுகள் வரிசையாகக் காயும். முதல் வருடம் முழுக்க மண் பிசைந்ததுதான் அதிகம். உள்ளே காற்றுக் குமிழ் தங்கக்கூடாது, ஈரம் எங்கும் ஒரேபோல இருக்கவேண்டும். என்னோடு மானாமதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன் படித்தான். பானை வனையும் வேளார் குடும்பம். நான் பிசைவதைப் பார்த்துச் சிரிப்பான். “ஏன்டா, சப்பாத்திக்கா மாவு பிசையிற? எங்க அப்பா காலாலயே மிதிச்சு வழிக்குக் கொண்டுவந்துருவாரு.” சக்கரத்தில் உட்கார்ந்தால் அவன் கையில் பானை தானாக எழும்பும். ஆனால் கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சு அவனுக்கும் எனக்கும் ஒரேயளவு புதிது.

கிளேஸ் வாளிகளைப் பார்த்தால் எல்லாம் சேற்றுத் தண்ணீர்தான். கோபால்ட் ஆக்சைடு கறுப்புப் பொடி. சூளையிலிருந்து வெளியே வந்தால் நீலம். தாமிரம் கலந்தது காற்றோட்டமுள்ள சூளையில் பச்சையாகும். ஆக்சிஜனைக் குறைத்துச் சுட்டால் அதே தாமிரம் சிவக்கும். காயும்போதும் சுடும்போதும் மண் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால், மனத்திலிருக்கும் குவளையைவிடப் பெரிதாக வனையவேண்டும். சூளையைத் திறக்க நாங்கள் பறப்போம். சார் விடமாட்டார். 573 டிகிரியில் குவார்ட்ஸ் தன் உள்கட்டமைப்பை மாற்றிக்கொள்ளும், அந்தக் கட்டத்தை மெதுவாகக் கடக்காவிட்டால் பாத்திரம் விரியும் என்பார். செய்ததைக் காட்டினால் “அழகாயிருக்கு” என்று ஒருநாளும் சொன்னதில்லை. தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். மூக்கு சொட்டுகிறதா, பிடிக்குள் விரல் போகிறதா, அவ்வளவுதான் அவர் கேள்வி.

சில மதியங்களில் எழும்பூர் மியூசியத்துக்கு நடந்தே போவோம். அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்தவை அங்கே இருந்தன. உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானைகளின் முன்னால் மானாமதுரைக்காரன் நகரமாட்டான். கவிழ்த்துவைத்துச் சுட்டால் உள்பக்கம் ஆக்சிஜன் கிடைக்காமல் கறுக்கும், வெளிப்பக்கம் சிவக்கும். நாங்கள் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த வேதியியலை யாரோ தாமிரபரணிக் கரையில் கைப்பழக்கமாக வைத்திருந்திருக்கிறார்கள்.

கல்லூரியின் பழைய கதையை நான் பிற்பாடுதான் படித்தேன். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சொந்தச் செலவில் தொடங்கிய பள்ளி அது. அரசு ஏற்றபின் அதற்குப் பெயர் தொழிற்கலைப் பள்ளி. உள்ளூர் மண்ணைச் சோதித்துப் பாண்டங்களும் ஓடுகளும் செய்வது அதன் ஆரம்பகால வேலைகளில் ஒன்று. ஓவியத்தின் புகழெல்லாம் பிறகு வந்தது. அதே வளாகத்தில்தான் 1898இல் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியத்தில் பாத்திரம் செய்யும் சோதனையையும் தொடங்கினார். உடையாத, விலை குறைந்த அந்தப் பாத்திரம் வீடு வீடாகப் புகுந்தபோது, அடுப்பிலிருந்து இறங்கியது குயவர் வீட்டுச் சட்டி. ஆக, மானாமதுரைக்காரனின் தாத்தாவுக்குப் பிழைப்பு குறைந்ததற்கும் பேரனுக்குப் பட்டம் கிடைத்ததற்கும் ஒரே முகவரி.

இதை அவனிடம் சொன்னபோது அவன் கோபப்படவில்லை. “அலுமினியம் நல்ல சாமான்டா. கரண்ட்டுக்கு முன்னாடி நிக்கச் சொல்லு பார்ப்போம்” என்றான். படிப்பு முடிந்து அவன் போனது விருத்தாசலம். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைமண்ணை நம்பிப் பொம்மையும் ஃப்யூஸ் கேரியரும் செய்யும் ஊர். அங்கே அவன் ஃப்யூஸ் கேரியர் செய்தான். நான் விளம்பரக் கம்பெனியில் சேர்ந்து பொழுதெல்லாம் படம் வரைந்தேன். கண்காட்சியில் பேர் வாங்கியவர்கள் எங்கள் கல்லூரியில் நிறைய உண்டு. ஹண்டர் எதற்காகப் பள்ளி தொடங்கினாரோ, அதை விடாமல் செய்தவன் என்று கேட்டால் நான் கைகாட்டுவது இவனைத்தான். வீட்டு மெயின் போர்டைத் திறந்து வெள்ளைப் பீங்கானைப் பார்க்கிறவர்கள் அவன் பெயரைக் கேட்பதில்லை; மின்சாரம் தாண்டி வராமலிருந்தால் அவனுக்கு அதுவே போதும்.