நாற்பதுக்குப் பக்கத்தில் ஒன்று

வீட்டில் கோயில் திருவிழா மலரோ கல்யாணப் பாட்டுப் புத்தகமோ இருந்தால், நடுவில் உள்ள பின்னைக் கழற்றி ஒரு தாளை மட்டும் உருவிப் பாருங்கள். முதல் பக்கத்துக்கு அருகில் கடைசிப் பக்கம் அச்சாகியிருக்கும். புரட்டினால் இரண்டும், கடைசிக்கு முந்தியதும். நடுத்தாளில் மட்டும்தான் அடுத்தடுத்த எண்கள் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. நாற்பது பக்கப் புத்தகம் என்றால், தாளின் ஒரு முகத்தில் இருக்கும் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் 41 வரும். 40-ம் 1-ம், 2-ம் 39-ம், 38-ம் 3-ம், இப்படியே 20-ம் 21-ம் வரை. ஈய எழுத்துக் கோத்த காலத்து அச்சகக்காரர்களுக்கு இது மனப்பாடம். பதினாறு பக்கம் ஒரு பாரம் என்பார்கள். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' கூடப் பதினாறு பக்கம்தான்.

நான் பிரிக்பீல்ட்ஸில் கணக்காய்வு வேலை பார்க்கிறேன். அச்சுத்தொழிலுக்கும் எனக்கும் தொடர்பில்லை. இந்தக் கணக்கு எனக்குத் தேவைப்பட்டது பாட்டியால்.

பாட்டி கேரி தீவில் வாழ்க்கைப்பட்டவர். லங்காட் ஆற்றைத் தாண்டி, தெலுக் பங்லிமா காராங் பக்கமிருந்து பாலம் ஏறினால் இரண்டு பக்கமும் செம்பனை. எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற வெள்ளைக்காரத் துரையின் பெயர் தீவுக்கு நிலைத்துவிட்டது. பாட்டி அங்கே லயத்து வீட்டில்தான் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். இப்போது கிள்ளானில் அத்தை வீட்டில் இருக்கிறார். தோட்டத்தில் பாடிய தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மிப் பாட்டு எல்லாவற்றையும் இரண்டு வருடமாகச் சொல்லச் சொல்ல, அத்தை நோட்டில் எழுதி வைத்திருந்தார். எண்பதாவது பிறந்தநாளுக்கு அதைப் புத்தகமாக்க வேண்டும் என்று குடும்பத்தில் முடிவானது.

அவசரத்துக்குக் காரணம் பிறந்தநாள் மட்டுமல்ல. பாட்டிக்குக் கண் அழுத்த நோய். ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றில் சொட்டு மருந்து விட்டு இருப்பதைக் காப்பாற்றலாமே தவிர, போனது திரும்பாது. அவர் பார்க்கும்போதே அந்தப் புத்தகம் கையில் இருக்க வேண்டும் என்பதில் அத்தைக்குப் பிடிவாதம்.

நான் கணினியில் தட்டெழுதினேன். சரியாக நாற்பது பக்கம் வந்தது. தமிழைக் கணினியில் இப்படிச் சுலபமாகத் தட்டுகிறோமே, அதற்கு வழி போட்டவர்களில் ஒருவரான முத்து நெடுமாறனும் கேரி தீவைச் சேர்ந்தவர்தான். 1985-ல் முரசு மென்பொருளைத் தொடங்கியவர். இன்று ஆப்பிள் கருவிகளில் இருக்கும் 'இணைமதி' எழுத்துரு அவர் உருவாக்கியது. பாட்டியிடம் இதைச் சொன்னபோது, "நம்ம தீவுப் பிள்ளையா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

தட்டெழுதுவது பெரிய வேலையாக இல்லை. பக்கம் அடுக்குவதில்தான் சிக்கல். ஒரு கடையில் அறுபது பிரதிக்கெல்லாம் தனியாகப் பக்கம் அடுக்க முடியாது என்றார்கள். இன்னொரு கடையில் அடுக்கித் தருகிறோம், இரண்டு வாரம் ஆகும், அதற்குப் பிறகு ஓர் எழுத்துகூட மாற்றக் கூடாது என்றார்கள். எங்களிடம் பத்து நாள்தான் இருந்தது.

அலுவலகத்தில் கணினிப் பிரிவு நண்பர் ஒருவர் காட்டிக்கொடுத்தது 'பிடிஎஃப்ஜாம்' என்ற இலவசக் கருவி. எழுதியவர் இங்கிலாந்தில் வாரிக் பல்கலைக்கழகப் புள்ளியியல் பேராசிரியராக இருந்த டேவிட் ஃபர்த். (புள்ளியியல்காரர் இந்த வேலையில் ஏன் இறங்கினார் என்று எனக்குப் புரியாமலில்லை. எண்களை ஒழுங்காக உட்கார வைக்காவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்குத் தூக்கம் வராது.) இதில் பொத்தான், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்ட வேண்டும். கருவியின் பெயர், 'புக்லெட்' என்ற கட்டளை, தாள் படுக்கையாக இருக்க 'லேண்ட்ஸ்கேப்', பிறகு கோப்பின் பெயர். அவ்வளவுதான். சில விநாடியில் நாற்பதும் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்க, புதுக் கோப்பு தயார். ஏ4 தாள் பத்து, மடித்தால் நாற்பது பக்கம்.

தமிழுக்கு இதில் இன்னொரு வசதி. பிடிஎஃப் கோப்புக்குள் எழுத்துருவைப் பதித்துவிட்டால், கருவி எழுத்தைத் தொடுவதே இல்லை. பக்கத்தை அப்படியே தூக்கி இடம் மாற்றுகிறது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும் தொல்லை கிடையாது.

செவ்வாய்க்கிழமை இரவு அத்தை போன் செய்தார். "பாட்டி இன்னொரு பாட்டு சொல்றாங்கப்பா. நீயே கேளு."

போனில் பாட்டி ஒரு தாலாட்டு பாடினார். நாங்கள் யாரும் கேட்டதில்லை. அத்தையும் கேட்டதில்லை. பாடி முடித்து, அது மூத்த பையனுக்குப் பாடியது என்றார். என் அப்பாவை மூத்தவர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவருக்கு முன்னால் ஒரு பையன் பிறந்து, எட்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டான். அப்பாவுக்கே தெரியாது.

"கடைசியில சேர்த்துடறேன் பாட்டி" என்றேன்.

"கடைசியில எதுக்கு? அவன்தானே மூத்தவன். முன்னால போடு."

பாட்டு இரண்டு பக்கம் வந்தது. ஐந்தாம் பக்கத்தில் அதை வைத்தால் பிறகு உள்ளதெல்லாம் இரண்டு இரண்டு தள்ளிப் போகும். மொத்தம் 42. மடிக்கும் புத்தகத்துக்கு நான்கால் வகுபட வேண்டும் என்பதால் 44. கூட்டுத்தொகை 41 இல்லை, 45. ஒன்றுக்குப் பக்கத்தில் நாற்பது போய் நாற்பத்து நான்கு வர வேண்டும். ஒரு முகம்கூடப் பழைய இடத்தில் இருக்காது. கடையில் கொடுத்திருந்தால் அந்தப் பாட்டு கடைசியில்கூட வந்திருக்காது.

நான் அதே வரியை இன்னொரு முறை ஓட்டினேன். கருவியே பின்னால் இரண்டு வெற்றுப் பக்கம் சேர்த்துக்கொண்டது.

பாட்டிக்கென்று ஒரு பிரதி தனியாகப் போட்டோம். கட்டளையில் ஏ4 என்ற இடத்தில் ஏ3 என்று மாற்றினால், மடித்த பக்கம் ஏ4 அளவாகிறது. எழுத்தும் கூடவே பெருக்கிறது. 14 புள்ளி எழுத்து ஏறக்குறைய 20 ஆகிவிட்டது. மற்றவர்களுக்கு அறுபது பிரதி, 660 தாள். சனிக்கிழமை அத்தை வீட்டுக் கூடத்தில் மாமா மடிக்க, சித்தப்பா நீளக்கை ஸ்டேப்ளரில் பின் அடிக்க, பிள்ளைகள் அடுக்கினார்கள். பதினொரு தாள் சேர்ந்தால் நடுத்தாள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே துருத்தும். மாமா அதை வெட்டி நேராக்கிவிட்டார்.

அப்பா மட்டும் மடிக்க வரவில்லை. ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து ஐந்தாம் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்.

ஞாயிறு அன்று பாட்டி தன் பெரிய புத்தகத்தை மடியில் வைத்து, நல்ல கண் பக்கமாகத் தலையைச் சாய்த்து, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். கடைசியில் வெறும் தாள் எதற்கு என்று கேட்டார். கணக்குக்காக என்றேன்.

"அப்ப இருக்கட்டும்" என்று மூடினார்.

ஜோகூர் பாருவிலிருக்கும் சித்தி மகன் இருபது பிரதி வேண்டுமென்று கோப்பைக் கேட்டிருக்கிறான். அனுப்பிவிட்டேன். இரண்டு பக்க அச்சில் குறுகிய ஓரமாகப் புரட்டச் சொல், நீள ஓரம் கொடுத்தால் பின்பக்கம் தலைகீழாக விழும் என்று வாட்சாப்பில் எழுதியிருக்கிறேன். இன்னும் அவன் பார்க்கவில்லை.