அம்மா அமர்ந்து உண்ட விருந்து

யாழ்ப்பாணத்து வீடுகளிலே அடுப்படிக்கும் உண்ணும் இடத்துக்கும் இடையே பத்தடி தூரந்தான் இருக்கும். அந்தப் பத்தடியை என் தாயார் எத்தனை ஆயிரம் முறை நடந்திருப்பார் என்று நான் இளவயதில் எண்ணிப் பார்த்ததில்லை. ஐயா உண்பார், அண்ணரும் நானும் உண்போம், வந்த உறவினர் உண்பர். அம்மா பிட்டுப் பெட்டியோடும் கறிச்சட்டியோடும் வந்து வந்து போவார். அவர் எப்போது உண்டார், எதனை உண்டார் என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியதொன்றாகவும் அது தோன்றவில்லை.

இருபது ஆண்டுகளாகக் கல்லூரியிலே தமிழ் கற்பிக்கிறேன். திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரத்தை எத்தனையோ வகுப்புகளுக்கு நடத்திவிட்டேன். பரிமாறியவள் எப்போது உண்டாள் என்று ஒரு மாணவனேனும் என்னைக் கேட்டதில்லை. நானும் அவர்களைக் கேட்டதில்லை. அந்தக் கேள்வியை நான் முதன்முதலிற் கேட்டது கலிபோர்ணியாவிலே, ஒரு கேளிக்கைப் பூங்காவின் உணவுச்சாலையிலே என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும்.

2018 ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் அம்மாவை அழைத்துக்கொண்டு அண்ணரிடம் சென்றிருந்தேன். 1996 இல் நாட்டைவிட்டுப் போனவர் அண்ணர். ஐயாவின் இறுதிக் கிரியைகளுக்குக்கூட அவரால் வர முடியவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் தாயும் இரு பிள்ளைகளும் ஒரு கூரையின் கீழ் இருந்தோம். அண்ணர் வீட்டிலே எட்டுப் பேர் அமர்ந்து உண்ணக்கூடிய பெரிய மேசையொன்று இருந்தது. அம்மாவோ வந்த மறுநாளே அடுப்படியைக் கைப்பற்றிவிட்டார். அண்ணியார் எவ்வளவு மன்றாடியும் பயனில்லை. "நீங்கள் சாப்பிடுங்கோ பிள்ளையள், நான் பிறகு பார்க்கிறன்" என்ற பழைய பல்லவிதான். ஒரு வாரம் இவ்வாறு கழிந்தது. அண்ணர் வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை; ஆனால் மேசையில் இருக்கும்போது அவர் முகம் இருண்டு வருவதைக் கண்டேன்.

ஒருநாள் திடீரென்று, "சனிக்கிழமை எல்லாரும் நொட்ஸ் பெரி பண்ணைக்குப் போறம், இரவுச் சாப்பாடும் அங்கைதான்" என்றார். நல்லூரிலே கொடியேறிவிட்டால் அம்மா மச்சம் தொடமாட்டார். அதற்குமுன் போய்விட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

இந்தப் பூங்கா லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குத் தெற்கே புவெனா பார்க் என்னும் ஊரில் இருக்கிறது. பகல் முழுவதும் அண்ணரின் பிள்ளைகள் என்னை இழுத்துக்கொண்டு திரிந்தனர். மரச்சட்டங்களின்மேல் அலறிப் பாயும் வண்டியில் ஒரு முறை ஏறியதோடு எனக்குப் போதுமென்றாகிவிட்டது. அம்மா மரநிழலில் இருந்து, நீரில் மணலை அரித்துப் பொன் பொறுக்கும் சிறுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அரிசி அரிக்கிற மாதிரித்தான்" என்பது அவர் கருத்து.

மாலையில் உணவுச்சாலைக்கு வந்தோம். பூங்காவின் கட்டண வாயிலுக்கு வெளியே இருக்கிறது அது. பெயரைக் கொடுத்துவிட்டு நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. அந்த வேளையில் அண்ணர் அவ்விடத்தின் கதையைச் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு வியப்பாயிருந்தது. பூங்காவுக்கு வருபவர்கள் பசியாற உணவுச்சாலை கட்டுவதுதான் உலக வழக்கம். இங்கே நடந்ததோ மறுதலை.

வோல்ற்றர் நொட் என்ற கமக்காரர் 1920 இல் மனைவி கோர்டீலியாவோடும் பிள்ளைகளோடும் இவ்வூருக்கு வந்து, பெரிப் பழங்களைப் பயிரிட்டுத் தெருவோரத்தில் விற்றுவந்தார். றுடோல்ஃப் பொய்சன் என்பவர் கலப்பினமாக உருவாக்கிப் பின் கைவிட்ட பழச்செடிகளிற் பட்டுப்போகும் நிலையிலிருந்த சிலவற்றை எடுத்துவந்து, பேணி வளர்த்துக் காய்க்கவைத்தவரும் இவரே. அதற்குப் பொய்சன்பெரி என்று அந்த மனிதரின் பெயரையே சூட்டினார். பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிய காலம் அது. பழத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினமாயிற்று. 1934 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒருநாள், கோர்டீலியா அம்மையார் எட்டுப் பேருக்குப் பொரித்த கோழியோடு இராச்சாப்பாடு சமைத்து விற்றார். தலைக்கு 65 சதம். பரிமாறிய பீங்கான்கள் அவருடைய கலியாணத்துக்கு வந்தவை.

சில ஆண்டுகளில் அந்தச் சாப்பாட்டுக்காக மக்கள் மணிக்கணக்கிற் காத்து நிற்கலாயினர். காத்திருப்போருக்குப் பொழுதுபோக வேண்டுமே என்று 1940 இல் வோல்ற்றர் பழைய மேற்குநாட்டுச் சிற்றூர் போன்ற தெருவொன்றை அமைக்கத் தொடங்கினார். அதுவே வளர்ந்து பெரும் பூங்காவாயிற்று; சுற்றிவர வேலியடைத்து நுழைவுக் கட்டணம் வாங்கியது 1968 இலேதான். ஒரு பெண்ணின் அடுப்படியிலிருந்து முளைத்த பூங்கா என்று சொன்னாலும் தவறில்லை.

அம்மா கதை முழுவதையும் கேட்டார். பின்பு, "அந்த மனுசி எப்ப சாப்பிட்டதாம்?" என்று கேட்டார்.

அண்ணருக்கு விடை தெரியவில்லை. எங்களில் எவருக்கும் தெரியவில்லை. நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்றது தெரிந்திருக்கிறது. பீங்கான் எப்படி வந்ததென்பதும் தெரிந்திருக்கிறது. இது மாத்திரம் தெரியவில்லை.

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். அம்மாவைச் சுவரோரமாக நடு நாற்காலியில் இருத்தி, இரு புறமும் பேரப்பிள்ளைகளை அமர்த்தினார் அண்ணர். எழும்பிப் போவதற்கு வழியே இல்லை! அவர் அதைத் திட்டமிட்டே செய்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

முதலில் கூடையொன்றில் 'பிஸ்கற்' வந்தது. நாம் தேநீரில் தோய்த்துண்ணும் விசுக்கோத்து அன்று. உள்ளே மெதுமெதுவென்று ஆவி பறக்கும் சிறிய ரொட்டி. அதன்மேற் பூசப் பழப்பாகு. பின்னர் ஒவ்வொருவர் முன்னும் ஒவ்வொரு தட்டு வைக்கப்பட்டது: பொரித்த கோழி, மசித்த உருளைக்கிழங்கு, சோளம். அவரவர் பங்கு அவரவர் தட்டிலேயே வந்துவிட்டதால் அம்மாவுக்குப் பரிமாற ஒன்றுமில்லாமற் போயிற்று. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பிறர் வீட்டுக்கு வந்த புதுப்பெண்போல் இருந்தார். சற்று நேரத்தில் தம் தட்டிலிருந்த கோழித்துண்டை மெல்ல எடுத்துப் பேரனின் தட்டில் வைக்கப் போனார்.

"எனக்குக் காணும்" என்றார்.

அண்ணர் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டார்.

இந்த இரண்டு சொற்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1995 ஐப்பசியில் வலிகாமத்து மக்களெல்லாரும் ஒரே இரவிற் பெயர்ந்தபோது நாங்களும் தென்மராட்சியில் ஓர் உறவினர் வீட்டில் ஒதுங்கினோம். மறுவருடம் மாசி மாதத்தில் அங்கிருந்தே அண்ணர் புறப்பட்டார். புறப்படும் இரவு குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும். வழிப்பயணம் என்று அம்மா அவருக்கு மேலும் மேலும் வைத்தார். "உங்களுக்கு?" என்று கேட்டதற்கு, "எனக்குக் காணும், நீ தின்" என்றார். தண்ணீர் குடிக்க உள்ளே போன அண்ணர், பிட்டுப் பெட்டி துடைத்ததுபோல் வெறுமையாய்க் கிடப்பதையும், அம்மா மூலையிலிருந்து பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிப்பதையும் கண்டார். கண்டும் ஒன்றும் பேசாமல் வந்துவிட்டாராம். தமக்கு அன்றிரவு ஊட்டியது தாயின் பங்கு என்பதை இருபத்திரண்டு ஆண்டுகள் நெஞ்சிலே சுமந்திருக்கிறார். அங்கு வந்து சேர்ந்த முதல்வாரத்தில் என்னிடம் அதைச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. நானும் அன்றிரவு அதே பாயிலிருந்து உண்டவன். எனக்கு அந்தப் பெட்டி நினைவிலேயே இல்லை. அவர் வெளிநாடு போனவர், நானோ தாயோடு இருந்து பார்த்தவன் என்ற சிறு செருக்கு எனக்குள் இருந்தது. அது அன்றோடு போயிற்று.

"அம்மா, அதை நீங்களே சாப்பிடுங்கோ" என்றார் அண்ணர். அதட்டல் இல்லை, ஆனால் தளர்வும் இல்லை. "அவனுக்கு வேணுமெண்டால் நான் இன்னொண்டு வாங்கிக் குடுப்பன்."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் எதை அறிந்துகொண்டாரோ, எனக்குத் தெரியாது. துண்டை மீண்டும் தம் தட்டில் வைத்தார். கரண்டியையும் கத்தியையும் ஒதுக்கிவிட்டுக் கையாலேயே பிய்த்து உண்ணத் தொடங்கினார். மெதுவாகத்தான் உண்டார். பிள்ளைகள் தங்கள் தட்டுகளை முடித்துவிட்டார்கள், நாங்களும் முடித்துவிட்டோம், அம்மா இன்னும் உண்டுகொண்டிருந்தார். பரிசாரகப் பெண் வெறுந்தட்டுகளை எடுக்க வந்தபோது, அண்ணர் கையசைத்துச் சற்றுப் பொறுக்கச் சொன்னார். அவளும் புன்னகைத்துவிட்டுப் போனாள்.

"அந்தப் பிள்ளை சாப்பிட்டிருக்குமோ?" என்று அம்மா கேட்டார்.

"வேலை முடிஞ்சாப்போலை சாப்பிடும்" என்றார் அண்ணியார்.

கடைசியாகப் பொய்சன்பெரிப் பழத்தை மாவினுள் அடைத்துச் சுட்ட பணியாரம் வந்தது. கத்தரிப்பூ நிறத்தில் பாகு வழிந்தது. ஆளுக்கொரு துண்டு. அண்ணர் தம் துண்டைத் தொடவில்லை. அம்மா முதலில் உண்ணட்டும் என்று காத்திருந்தார். அவரைப் பார்த்து நானும் காத்திருந்தேன். எங்களைப் பார்த்துப் பிள்ளைகளும் கையை எடுத்துவிட்டார்கள். அம்மா ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தார்.

"கொஞ்சம் புளிப்புத்தான்," என்றார். "ஆனாலும் நல்லாயிருக்கு."