எந்த ஊரில் வைப்பது?

நாவல் எழுதுகிறவனைத் தேடிப் பலர் வருவதுண்டு. கலியாணத்துக்கு வாழ்த்து மடல் எழுதித் தரச் சொல்லி வருவார்கள், தங்கள் கவிதைகளுக்கு முன்னுரை கேட்டு வருவார்கள், "என் வாழ்க்கையே ஒரு பெரிய கதை, ஸார், எழுதினால் ஆயிரம் பக்கம் போகும்" என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். ஆனால் தொழில் முறையில் என்னிடம் யோசனை கேட்டு யாரும் வந்ததில்லை. வைத்தியரிடம் நாக்கை நீட்டுகிறார்கள். வக்கீலிடம் பத்திரத்தை நீட்டுகிறார்கள். "கதையை எந்த ஊரில் வைக்கலாம்?" என்று நாவலாசிரியனிடம் ஒருவரும் கேட்பதில்லை. சென்ற மார்கழி வரையில் அப்படித்தான் இருந்தது.

கேட்டவன் என் தங்கை பிள்ளை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பாலையில் எஞ்சினீயர். டெலிபோனில் அவன் சொன்ன முதல் வாக்கியமே என்னைத் திடுக்கிட வைத்தது.

"மாமா, எங்களுக்கு அவசரமா ஒரு உலகம் வேணும்."

"எதற்குடா?"

"சனிக்கிழமை ராத்திரிக்கு."

விஷயம் இதுதான். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒரு விளையாட்டு. 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உண்டாக்கியது. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் ஏற்று அந்தக் கதைக்குள்ளே நடப்பார்கள். "எதிரே ஒரு குகை" என்பான் கதை சொல்கிறவன். "நான் தீவட்டியைக் கொளுத்துகிறேன்" என்பான் ஒருவன். தீவட்டி பற்றிக்கொண்டதா, குகைக்குள் தூங்கிய பூதம் விழித்துக்கொண்டதா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை தீர்மானிக்கும். முன்பெல்லாம் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடினார்கள். இப்போது கம்ப்யூட்டர் வழியாக, குரலை மட்டும் கேட்டுக்கொண்டு, உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் ஆடுகிறார்கள்.

கேட்டவுடன் இது பைத்தியக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன். பிறகு வட மாவட்டங்களின் பாரதக் கூத்து ஞாபகம் வந்தது. படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். ஊர் ஜனங்கள் அத்தனை பேரும் அன்று பாரதத்துக்குள்ளேதான் நடமாடுவார்கள். அதை யாரும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்வதில்லை. கட்டியங்காரன் வேலையைத்தான் என் மருமான் பார்க்கிறான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலில் ஏறினேன்.

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம். திருவொற்றியூர், எண்ணூர் என்று ஆலைகளாகவே வந்து, அத்திப்பட்டில் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகளைக் காட்டிவிட்டு, பொன்னேரி நெருங்கும்போது ரயில் திடீரென்று மனம் மாறி வயல்களைக் காட்டத் தொடங்கும். கவரைப்பேட்டை தாண்டினால் மறுபடியும் கூரைத் தகடும் லாரியும். அதற்கப்பால் கொஞ்ச தூரம் போனால் ஆந்திரம் வந்துவிடும். மாயாஜாலக் கதைக்கு இந்த வழியில் என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

மருமான் ஒரு ஜாபிதா வைத்திருந்தான். கலியாணத் தரகர் ஜாதகங்களை எடுத்துப் போடுவதுபோல உலகங்களை ஒவ்வொன்றாக என் முன்னால் போட்டான்.

முதலாவது 'கிரேஹாக்'. கைகாக்ஸே கட்டிய உலகம். 1980-ல் அச்சில் வந்தது. அவர் முதலில் வட அமெரிக்கப் படத்தின் மேலேயே தம் கற்பனை நாடுகளைக் குறித்தாராம்; கிரேஹாக் நகரத்தை ஏறக்குறைய சிக்காகோ இருக்கும் இடத்தில் வைத்தாராம். சிக்காகோ அவர் பிறந்த ஊர். இதைக் கேட்டதும் எனக்கு அந்த மனிதரிடம் ஒரு பிரியம் உண்டாகிவிட்டது. மந்திரவாதியும் பறக்கும் நாகமும் எத்தனை வந்தாலும், ஆள் தன் ஊரில்தான் கொண்டுபோய் வைத்திருக்கிறான்!

இரண்டாவது 'மறக்கப்பட்ட ராஜ்யங்கள்'. எட் கிரீன்வுட் என்ற கனடாக்காரர் சிறு பையனாக இருக்கும்போதே தமக்கென்று கற்பனை செய்து வைத்திருந்த உலகம், 1987-ல் பிரசுரமாயிற்று. சத்திரம், சாவடி, கடைத்தெரு, கள்ளர் கூட்டம் எல்லாம் உண்டு. மூன்றாவது, 1991-ல் வந்த 'இருண்ட சூரியன்'. ஒரே பாலைவனம், இரும்பு கிடைப்பது அரிது. "பகலெல்லாம் இரும்பை உருக்கிட்டு, ராத்திரி இரும்பே இல்லாத ஊருக்குப் போனா சுகமா இருக்கும்னு நெனச்சேன்" என்றான். நியாயந்தான்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உபதேசம் தொடங்கினேன். அயலூரைத் தேடுவானேன்? ஆர். கே. நாராயண் 1935-ல் மால்குடி என்று ஓர் ஊரை உண்டாக்கினார். தேசப் படத்தில் இல்லாத ஊர். ஆனாலும் அதன் ரயில் நிலையத்தில் நாம் எல்லோரும் இறங்கியிருக்கிறோம். உங்களுக்குப் பழவேற்காடு பக்கத்திலேயே இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியாக் கோட்டை கட்டிய ஊர். அவர்கள் கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பெரிய ஏரி, பூநாரைக் கூட்டம், ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பினால் நெருப்பு வானத்தில் ஏறுவது தெரியும். இதைவிட என்ன மாயாஜாலம் வேண்டும்?

மருமான் பொறுமையாகக் கேட்டான். "பழவேற்காட்டுக்கு நாங்க ஞாயித்துக்கிழமை இறால் வாங்கப் போவோம், மாமா" என்றான். உபதேசம் அத்தோடு முடிந்தது. நாற்பது வருஷமாக என் கதைகளை நான் கும்பகோணத்துக்கருகில் ஒரே கிராமத்தில் வைத்து எழுதி வருகிறேன். எட்டு வயதில் அந்தக் கிராமத்தை விட்டு வந்தேன். அங்கேயே இருந்து தினமும் இறால் — இல்லை, கத்திரிக்காய் — வாங்கியிருந்தால் ஒரு வரியாவது எழுதியிருப்பேனா என்பது சந்தேகம். அதை அவனிடம் சொல்லவில்லை.

நாலாவது உலகம் ஜாபிதாவின் அடியில் இருந்தது. அதை மட்டும் அவன் பென்சிலால் அடித்திருந்தான். பெயர் 'எபெரான்'. 2002-ல் ஒரு கம்பெனி, புதிய உலகம் வேண்டும் என்று போட்டி வைத்தது. வந்து குவிந்தவை ஏறக்குறைய 11,000 உலகங்கள். பிரம்மாவுக்குக்கூட இவ்வளவு போட்டி இருந்ததில்லை. ஜெயித்தவர் கீத் பேக்கர். 2004-ல் அது புத்தகமாயிற்று. மந்திரத்தால் ஓடும் மின்னல் ரயிலும் தொழிற்சாலைகளும் உள்ள உலகம். நம் கும்மிடிப்பூண்டிக்கு இதைவிடப் பொருத்தம் ஏது?

"இதை ஏன் அடித்தாய்?"

அவன் வாசல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். அந்த உலகத்தில் ஐந்து நாடுகள் ஒரு நூற்றாண்டு காலம் யுத்தம் செய்தன. ஒருநாள் 'சயர்' என்ற நாட்டை ஒரு சாம்பல் நிற மூடுபனி அடியோடு விழுங்கிவிட்டது. அன்று எல்லைக்கு வெளியே இருந்தவர்கள் பிழைத்தார்கள். நாடில்லாமல் அண்டை நாடுகளில் ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள். கதை அங்கேதான் தொடங்குகிறது.

"நம்ம ஆட்டத்துல ஒருத்தன் கேம்ப்புலேந்து வர்றான், மாமா."

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உண்டு. 1990-ல் யுத்தம் மறுபடி மூண்டபோது படகேறி வந்து, மண்டபத்தில் இறங்கிப் பல ஊர்களுக்கும் பிரித்து அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியார் இங்கே இருக்கிறார்கள். 2021-ல் அரசாங்கம் அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி, மறுவாழ்வு முகாம் என்று வைத்தது. ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் 'கேம்ப்'தான். அந்தப் பையன் அங்கேயே பிறந்தவன். மருமானின் ஆலையில் ஒப்பந்த வேலை. டொராண்டோவிலிருந்து ஆட வருகிறவன் அவனுடைய சித்தப்பா மகன். அண்ணனும் தம்பியும் இதுவரை நேரில் பார்த்ததில்லை. சனிக்கிழமை ராத்திரி பூதங்களை வெட்டும்போது மாத்திரம் சந்தித்துக்கொள்கிறார்கள்.

"அடித்தது சரிதான்" என்றேன். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவானேன்? இருவருமாக அந்தப் பையனுடைய மனத்தை அவனைக் கேட்காமலே காப்பாற்றிவிட்டோம் என்ற திருப்தியில் வடை சாப்பிட்டோம்.

பையன் சாயங்காலம் வந்தான். ஒல்லி, நெற்றியில் சின்ன வெட்டுக் காயத் தழும்பு. "வணக்கம், ஐயா" என்று என்னிடம் நம் பக்கத்துத் தமிழில் பேசினான். நடுவில் பாட்டியிடமிருந்து போன் வந்தபோது, ஒரே நொடியில் வேறு தமிழுக்குத் தாவினான். ஜாபிதாவை எடுத்துப் பார்த்தவன், அடித்திருந்த இடத்தில்தான் முதலில் விரலை வைத்தான். மருமான் தட்டுத் தடுமாறி விவரம் சொன்னான். பையன் சிரித்தான்.

"அந்தச் சயர்க்காரங்களுக்குக் கணக்கெடுப்பு உண்டா, அண்ணே?"

முகாமில் குறித்த நாட்களில் ஆட்களை எண்ணுவது வழக்கம். அன்றைக்கு நேரில் நின்றாக வேண்டும். புத்தகத்தில் அந்த விவரம் இல்லை என்று மருமான் ஒப்புக்கொண்டான்.

"அப்போ எழுதினவருக்குப் பாதிதான் தெரியும்" என்று பையன் தீர்ப்புச் சொன்னான். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "பனிக்குள்ள போகலாமா?"

"போகலாம். ஆனா அங்க பட்ட காயம் ஆறாது, பிணம் அழுகாது. அது விதி."

"எங்க அப்பம்மாவோட ஊர அதுக்குள்ள வையுங்க, அண்ணே. மன்னார்ப் பக்கம். நான் பார்த்ததில்ல. போய்ப் பார்த்துட்டு வரலாம்."

உலகம் அப்படித்தான் நிச்சயமாயிற்று. என் ஆலோசனைக்கு அதில் எள்ளளவும் பங்கில்லை.

தை மாதம் நடுவில் ஒரு சனிக்கிழமை மறுபடியும் போனேன். அழைத்தார்கள் என்று சொல்ல முடியாது. இருப்புக் கொள்ளாமல் போனேன். அதற்குள் ஊருக்குப் படம் வரைந்திருந்தான் பையன். பாட்டி சொல்லச் சொல்ல வரைந்தது: பனங்கூடல், வேலி, படலை, முற்றத்தில் ஒரு பூவரசு, கிணறு. படலை என்றால் வேலியில் வைக்கும் கதவு. கிணற்றின் இடத்தைப் பற்றி மாத்திரம் தகராறு. டொராண்டோச் சித்தப்பா தம் ஞாபகத்திலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தார். அதில் கிணறு வீட்டுக்குப் பின்னால் இருந்தது. பையனின் தகப்பனாரோ முன்னால் என்று சாதித்தார். பாட்டி இரண்டு பிள்ளைகளையும் ஒதுக்கிவிட்டு, "கிணறு அங்காலை இல்லை ராசா, இஞ்சாலை" என்று பூவரசுக்குப் பக்கத்தில் விரலை வைத்தாளாம். மூன்று முறை அழித்து வரைந்ததில் காகிதம் அந்த இடத்தில் மெலிந்திருந்தது.

டீக் கடையில் மருமான் என்னிடம் இன்னொரு விஷயத்தைச் சொன்னான். 2009-ல் யுத்தம் முடிந்து சில வருஷங்களுக்குப் பின் சித்தப்பா கனடாவிலிருந்து அந்த ஊருக்குப் போயிருக்கிறார். வீடு இல்லை. வேலி இல்லை. பூவரசும் இல்லை. புதர் மண்டிய இடத்தில் கிணறு மாத்திரம் இருந்திருக்கிறது. தாயாரிடம் அவர் இதுவரை சொல்லவில்லை, மகனிடம் சொன்னார். மகன் என் மருமானிடம் சொல்லிவிட்டான்.

"பனிக்குள்ள என்ன இருக்குன்னு நான்தானே சொல்லணும், மாமா? என்ன வைக்க?"

தொழில் முறையில் என்னைக் கேட்ட இரண்டாவது கேள்வி. என் நாவல்களில் எத்தனையோ வீடுகளை ஏலம் போட்டிருக்கிறேன், பேனா நடுங்கியதில்லை. வீட்டை அப்படியே முழுசாக வைத்துவிடு, கற்பனைதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் கேட்கப் போகிறவன் ஒருவன் டொராண்டோவில் இருக்கிறானே! உள்ளது தெரிந்த அவன் எதிரில் பொய்யான வீட்டைக் கட்டினால், அப்புறம் அந்த அண்ணன் தம்பிக்குள் ஒரு வீடு மறைந்து நிற்கும். டீ ஆறிப் போயிற்று. "கிணறு இருக்கட்டும்" என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ராத்திரி ஒன்பது மணி. டொராண்டோவில் காலை பத்தரை. கோயம்புத்தூரிலிருந்து ஆடும் பெண் ஒருத்தியும் வந்து சேர்ந்தாள். முகாமில் பையன் போனைப் பாட்டியின் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிழவியின் இருமல் இங்கே கேட்டது. மருமான் கதையை ஆரம்பித்தான். எல்லைக் காவலைத் தாண்டினார்கள். பனிக்குள் நுழைந்தார்கள். இரண்டு தரம் பகடை உருண்டது. கோயம்புத்தூர்ப் பெண்ணின் தோளில் ஆறாத காயம் ஒன்று பட்டது. பிறகு பனங்கூடல் வந்தது. யாரும் பேசவில்லை.

"ராசா," என்றது போனில் கிழவியின் குரல். "படலை திறந்து கிடக்கோ, சாத்திக் கிடக்கோ?"

மருமான் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"படலை இல்ல, பாட்டி" என்றான். "வீடும் தெரியல. கிணறு இருக்கு."

டொராண்டோவில் யாரோ மூக்கை உறிஞ்சியது கேட்டது. முகாமில் அதுவும் இல்லை. வெகு நேரம் கழித்து அவள் கேட்டாள்:

"தண்ணி கிடக்கோ?"

மருமான் பகடையை எடுத்தான். உருட்டாமல் மேஜை மேல் வைத்தான்.

"இருக்கு, பாட்டி. தெளிவா இருக்கு."

"அது கோடையிலையும் வத்தாது" என்றாள் கிழவி. "வாளியை விட்டுப் பாருங்கோ."