பதினொரு நாடுகள் பார்த்தேன். ஒரு பெயர் சொல்ல முடியவில்லை

2013ஆம் ஆண்டு. பட்டப்படிப்பு முடித்த கையோடு ஒரு வேலைக்கான நேர்முகத்துக்குப் போயிருந்தேன். என் விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்த அதிகாரி, “சுவீடனில் ஒரு பருவம் படித்திருக்கிறீர்களே, என்ன கற்றுக்கொண்டீர்கள்?” என்று கேட்டார்.

எதிர்பார்த்த கேள்விதான். தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னேன். சொந்தக் காலில் நிற்கப் பழகினேன், பல பண்பாடுகளைப் புரிந்துகொண்டேன், பார்வை விரிந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அங்கே உங்களுக்குப் பழக்கமான உள்ளூர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்களேன்” என்றார்.

ஒரு பெயர்கூட என் வாயில் வரவில்லை.

அந்த வேலை கிடைக்கவில்லை. அந்தக் கேள்விதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீடு திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் கண் கலங்கியது நினைவிருக்கிறது. என்னை அனுப்புவதற்காக அப்பா தம் சேமிப்பிலிருந்து 8,000 வெள்ளி எடுத்துக் கொடுத்திருந்தார். டாக்சி ஓட்டிச் சேர்த்த பணம்.

நான் போனது தென் சுவீடனில் உள்ள லுண்ட் நகருக்கு. 1666இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. கல் பாவிய தெருக்கள், இரட்டைக் கோபுரத் தேவாலயம், திரும்பிய பக்கமெல்லாம் சைக்கிள். என் விடுதியில் ஒரு தளத்துக்குப் பன்னிரண்டு அறைகள். எல்லாருக்கும் பொதுவாக ஒரே சமையலறை. சிங்கப்பூரிலிருந்து நாங்கள் ஐந்து பேர் போயிருந்தோம். சமைத்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு யாராவது ஒருவர் அறைக்குள் புகுந்துகொள்வோம். வெள்ளிக்கிழமை வந்தால் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஓரெசுண்ட் பாலத்தைக் கடந்து கோப்பன்ஹேகன் விமான நிலையம் போய்விடலாம். அங்கிருந்து மலிவு விமானத்தில் பெர்லின், பிராக், புடாபெஸ்ட்… பதினொரு நாடுகள், ஆயிரக்கணக்கில் படங்கள்.

முதல் வகுப்பு 10 மணிக்கு என்று அட்டவணையில் போட்டிருந்தது. சரியாகப் பத்துக்குப் போய் வெறும் அறையில் உட்கார்ந்திருந்தேன். 10.15க்குத்தான் ஆசிரியரும் மற்றவர்களும் சாவகாசமாக வந்தார்கள். “இங்கேயும் நம்ம ஆட்கள் மாதிரிதான், நேரத்துக்கு வர மாட்டார்கள்” என்று அன்று இரவே வீட்டுக்குத் தகவல் அனுப்பினேன். மறுவாரத்திலிருந்து நானும் கால் மணி கழித்தே போனேன். ஏன் இப்படி என்று யாரிடமும் கேட்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து எங்கோ படித்தபோதுதான் தெரிந்தது. அது தாமதம் அல்ல, அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் பழைய மரபு. கையில் கடிகாரம் இல்லாத காலத்தில், தேவாலய மணி அடித்ததும் கிளம்பி வகுப்புக்கு நடந்து வரக் கால் மணி நேரம் கொடுத்தார்களாம். அட்டவணையில் வெறுமனே ‘10’ என்று இருந்தால் 10.15 என்று பொருள். அதே சுவீடன்காரர்கள், விருந்துக்கு ஏழு மணி என்றால் ஏழுக்கு வாசலில் நிற்பார்கள். நான் நேரில் பார்த்தும் தவறாகவே புரிந்துகொண்டேன்.

இன்னொன்று இதைவிட வலிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறையிலிருந்து ஏலக்காய் வாசனை வரும். பக்கத்து அறைப் பெண் ஒருத்தி ரொட்டி சுடுவாள். சுவீடனில் இனிப்பு ரொட்டிக்கு ஏலக்காய் போடுவது வழக்கம். தட்டில் அடுக்கி, ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சீட்டு எழுதி மேசையில் வைத்திருப்பாள். அந்த நேரத்தில் நான் அறைக்குள் கணினி முன் உட்கார்ந்து, “உங்க பாயசம் சாப்பிடணும்போல இருக்கும்மா” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். ஏலக்காய் இரண்டு எட்டுத் தொலைவில் இருந்தது. அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்டதே இல்லை.

சென்ற ஆண்டு என் அக்கா மகளுக்கு ஜெர்மனியில் ஃபிரைபர்க் நகரில் ஒரு பருவம் படிக்க இடம் கிடைத்தது. அக்கா இட்லிப் பொடி, சோறாக்கும் சட்டி, குளிராடை என்று பட்டியல் போட்டாள். “சித்தி, எந்தெந்த ஊரைப் பார்க்கணும்னு நீங்க ஒரு பட்டியல் கொடுங்க” என்றாள் மகள். கொடுக்க உட்கார்ந்தேன், கை ஓடவில்லை.

அதற்குப் பதிலாகக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய ஓர் ஆய்வு 2009இல் வெளியாகியிருந்தது. சுமார் 60 வெளிநாட்டுப் படிப்புத் திட்டங்களில் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை அதில் ஆராய்ந்திருக்கிறார்கள். வேற்றுநாட்டில் போய் இருப்பதால் மட்டும் எல்லாருக்கும் மற்றவர்களைப் புரிந்துகொள்ளும் திறன் வளர்ந்துவிடவில்லை. கண்டதையும் பட்டதையும் பற்றிக் கூடவே இருந்து பேசவும் யோசிக்க வைக்கவும் ஒரு வழிகாட்டி இருந்தவர்களுக்கே கூடுதலாக வளர்ந்தது. படித்தபோது என் கதையை யாரோ எழுதியதுபோல் இருந்தது. தண்ணீருக்குள் தள்ளிவிட்டால் நீச்சல் தானாக வந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். கரையைப் பிடித்துக்கொண்டே ஒரு பருவத்தை ஓட்டிவிட முடியும் என்பதற்கு நானே சாட்சி.

அவள் கிளம்புவதற்கு முன் நாங்கள் மூன்று விஷயங்கள் பேசி முடிவு செய்தோம்.

முதலாவது, வீட்டு அழைப்பு. அக்கா தினமும் இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்றாள். இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கே பிற்பகல் மூன்று மணி. வகுப்பு முடிந்து மற்றவர்கள் சேர்ந்து காப்பி குடிக்கப் போகும் நேரம். அந்த நேரத்தில் இவள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றால் யார் கூப்பிடுவார்கள்? அக்கா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. கடைசியில் புதனும் ஞாயிறும் என்று ஒப்புக்கொண்டாள். மற்ற நாள்களில் ‘நலம்’ என்று ஒரு வரி போதும்.

இரண்டாவது, ஒரே இடத்துக்கு வாரந்தோறும் போக வேண்டும். பத்து இடம் பார்ப்பதைவிட ஓர் இடத்துக்குப் பத்து முறை போனால்தான் முகம் பழகும்.

மூன்றாவது, கேள்வி. ஞாயிறுதோறும் நான் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: “இந்த வாரம் உனக்குப் புரியாமல் போனது என்ன?” அதற்கு அவள் மூன்று வரி எழுத வேண்டும். கண்ணால் கண்டது ஒன்று. அதைப் பற்றித் தான் நினைத்தது ஒன்று. அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று. காண்பதையும் நினைப்பதையும் பிரித்து எழுதினாலே பாதித் தெளிவு வந்துவிடும்.

முதல் சோதனை, போன வாரமே வந்தது. ஜெர்மனியில் குடியேறியவர்கள் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். படிவத்தில் குடும்பப் பெயர் எது என்று கேட்டார்களாம். இவள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ‘டி/ஓ’. “அது உன் அப்பா பெயர் என்றால், உன் அப்பாவின் குடும்பப் பெயர் எது?” என்று கேட்க, அது தாத்தாவின் பெயர் என்று இவள் சொல்ல, பின்னால் வரிசை நீண்டுவிட்டது. “வெட்கமா இருந்தது சித்தி” என்று எழுதினாள்.

“நமக்கு ஏன் குடும்பப் பெயர் இல்லை, தெரியுமா?” என்று கேட்டேன். தெரியவில்லை. உண்மையில் எனக்கும் சரியாகத் தெரியாது. அந்த ஞாயிறு தாத்தாவிடம் கேட்டாள். முன்பெல்லாம் பெயருக்குப் பின்னால் பலர் சாதியைப் போட்டுக்கொண்டார்கள், அதை விட்டுவிட வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள், அந்த ஆண்டு இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் வந்தார் என்று அப்பா ஒரு மணி நேரம் பேசினார். பேத்தி இப்படி எதையும் தம்மிடம் கேட்டதில்லை என்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி. அடுத்த வாரம் வகுப்பில் அவள் இதைப் பற்றிப் பேசியபோது, ஐஸ்லாந்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் தங்கள் நாட்டிலும் பெரும்பாலும் அப்பா பெயர்தான் என்று சேர்ந்துகொண்டாராம். ஜெர்மனிக்குப் போய் அவள் கற்ற முதல் பாடம் தமிழரைப் பற்றியது.

எல்லாம் இப்படி இனிதாகவே போகவில்லை. மே மாதத்தில் ஒரு ஞாயிறு, அழைத்ததும் அழத் தொடங்கிவிட்டாள். காலிப் புட்டிகளைத் தெருமுனைக் கண்ணாடித் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு முதியவர் கத்தினாராம். “நான் கறுப்பா இருக்கிறதாலதான். வீட்டுக்கே வந்துடுறேன் சித்தி.”

அப்படி இருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆறாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்திருக்கும் நான் அதை எப்படிச் சொல்வது? அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்து, “யாரைக் கேட்டால் தெரியும்?” என்று மட்டும் கேட்டேன். உடன் தங்கியிருந்த ஜெர்மானியப் பெண்ணைக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஓய்வுநாள். கடைகள்கூடப் பெரும்பாலும் மூடியிருக்கும். புட்டி உடையும் சத்தம் அக்கம்பக்கத்தைத் தொந்தரவு செய்யும் என்பதால் அன்று தொட்டியில் போடக் கூடாது. தொட்டியின் மேலேயே நேரம் எழுதி ஒட்டியிருந்தது; இவளுக்குப் படிக்கத் தெரியவில்லை.

ஆனால் மூன்று வாரம் கழித்து டிராமில் ஒருவன் இவளைப் பார்த்து ஏதோ சொன்னான். அதையும் அந்தத் தோழியிடம் கேட்டாள். “இது எங்கள் வழக்கம் இல்லை. இது இனவெறி. நீ பொறுத்துப்போக வேண்டியதில்லை” என்று சொல்லி, பல்கலைக்கழகத்தில் புகார் சொல்லவும் ஆலோசனை பெறவும் கூடவே போனாள். எது ஊர் வழக்கம், எது அவமதிப்பு என்று பிரித்தறிவது சிறிய படிப்பு அல்ல. எல்லாவற்றையும் சகித்துக்கொள் என்று சொல்லி அனுப்பும் பெற்றோரும், எல்லாமே பகை என்று அஞ்சும் பெற்றோரும் அந்தப் படிப்பைக் கெடுத்துவிடுகிறோம்.

வாரந்தோறும் போக அவள் தேர்ந்தெடுத்த இடம் தேவாலயச் சதுக்கத்துச் சந்தை. சனிக்கிழமைதோறும் ஒரே காய்கறிக்கார அம்மாவிடம் வாங்கினாள். ஜெர்மானியர்களுக்கு வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டு என்றால் உயிர்; ஆஸ்பராகஸ் என்று கடையில் விற்கிறார்களே, அதுதான். ஜூன் கடைசியில் அது திடீரென்று காணாமல் போனது. தீர்ந்துவிட்டதா என்று கேட்டாளாம். “ஜூன் 24க்குப் பிறகு வெட்ட மாட்டோம். செடி ஓய்வெடுத்துத் தழைத்தால்தான் அடுத்த ஆண்டு தரும்” என்று அந்த அம்மா தம் மொழியில் மெதுவாகச் சொல்லி விளக்கினாராம். எல்லாக் காயும் எல்லா நாளும் கிடைக்கும் பேரங்காடியில் வளர்ந்த பிள்ளைக்கு அது புதிய செய்தி. அதைவிட எனக்குப் பெரிய செய்தி, அவள் அதை ஜெர்மன் மொழியில் புரிந்துகொண்டாள் என்பது.

சிரிப்புக்கும் குறைவில்லை. ஃபிரைபர்க் தெருக்களில் ‘பெஹ்லே’ என்று சிறிய நீரோடைகள் ஓடுகின்றன. தவறி அதில் கால் வைத்தவர் அந்த ஊர்க்காரரையே மணப்பார் என்பது உள்ளூர் நம்பிக்கை. இவள் வைத்துவிட்டாள். அதைப் பாட்டியிடம் சொல்லியும் விட்டாள். அம்மா ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

ஆகஸ்டில் திரும்பி வந்தாள். அவள் பார்த்த நாடுகள் மூன்றே மூன்று. சாங்கி விமான நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தாள். சந்தைக்கார அம்மா, உடன் தங்கிய தோழி, ஐஸ்லாந்து மாணவர்… நான் விரல் விட்டு எண்ணினேன். ஒரு கை போதவில்லை.

அவள் மட்டும் கற்றுக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. சாப்பிட்டாயா, குளிருதா, பணம் இருக்கிறதா என்று மூன்று கேள்விகளில் அன்பை முடித்துக்கொள்ளும் எங்கள் வீட்டில், இப்போது “புரியாமல் போனது என்ன?” என்பதும் சேர்ந்துவிட்டது. பள்ளிக்குப் போகும் என் மகனிடமும் கேட்கிறேன்.

வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். கட்டணமும் பயணச்சீட்டும் குளிராடையும் ஏற்பாடு செய்யும் அக்கறையில் ஒரு பங்கை, அங்கே கண்டதைப் பேசக் காது கொடுப்பதிலும் செலவிடுங்கள். பேச ஆள் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாமா, சித்தி, முன்பு போய்வந்த மூத்த மாணவர் யாராகவும் இருக்கலாம். போகிற பிள்ளைகளுக்கும் ஒன்று: முதல் வாரத்திலேயே பக்கத்து அறைக் கதவைத் தட்டிப் பெயரைக் கேட்டுவிடுங்கள். நாள் ஆக ஆக அது கடினமாகிவிடும்.

போன மாதம் அக்கா மகள் என் வீட்டுக்கு வந்து ரொட்டி சுட்டாள். என் லுண்ட் கதையைக் கேட்டவள், இணையத்தில் தேடிச் செய்முறை எடுத்திருக்கிறாள். அடுப்பைத் திறந்ததும் அதே ஏலக்காய் வாசனை. சுடச்சுட ஒன்றை எடுத்துத் தின்றேன். நன்றாக இருந்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தின்றிருக்கலாம்.